நாலு மணி நேர வட்டம்

ஹால்வார் நீமோ கெட்ட மனிதன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிர்காலத்தில் அவன் வானொலிச் செய்தி கேட்ட விதத்தைப் பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்திருப்பார்கள். கட்டிய மனைவி டோர்டிஸே ஒரு நாள் அப்படி நினைத்தாள்.

மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்து, படகில் கால் வைத்தாலே வாந்தி எடுத்த பிள்ளை அவன். அப்பாவும் அண்ணன்களும் அவனைக் கேலி செய்தே ஓய்ந்தார்கள். கடைசியில் நாட்டின் வடகோடியில் இருக்கிற ட்ரொம்சோவுக்கு வந்து, விமான நிலையத்தில் பனி வாரும் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வண்டி ஆடவில்லை, வாந்தியும் வரவில்லை. இதுதான் நம் இடம் என்று முடிவு செய்துகொண்டு, தலை நரைக்கிறவரை அங்கேயே இருந்துவிட்டான். விமானத்தில் ஏறியதை விட விமானத்தை அனுப்பிவைத்ததுதான் அதிகம். ஓஸ்லோவுக்கு ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சொச்சம், பறக்கிற நேரம் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. மற்றவர்களுக்கு அது டிக்கெட்டில் பார்க்கிற விஷயம். ஹால்வாருக்கு அது பிழைப்பு. ஓடுபாதையில் பனி கிடந்தால் அந்த இரண்டு மணி நேரம் ஒரு நாளாகவும் ஆகலாம், இரண்டு நாளாகவும் ஆகலாம்.

ஐம்பத்து நாலு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, போகும்போது இதயத்தின் பலத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. செருப்பு மாட்டக் குனிந்தால் மூச்சு முட்டியது. வேறு இதயம் வைத்தால்தான் ஆயிற்று என்றார்கள். அதை நாடு முழுவதற்கும் ஓஸ்லோவில் ஒரே ஓர் இடத்தில்தான் வைப்பார்கள்.

"ஒரு உடம்புல இருந்து எடுத்த இதயத்த நாலு மணி நேரத்துக்குள்ள இன்னொரு உடம்புல வெச்சாகணும்" என்று மருத்துவர் சொன்னார். "அதனால அது எங்க இருந்து வருதுங்கிறது ரொம்ப முக்கியம்."

அவர் சும்மா தகவலுக்குத்தான் சொன்னார். ஆனால் தூரத்தையும் நேரத்தையும் கணக்குப் போட்டே வாழ்ந்தவனிடம் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஹால்வார் சமையலறைச் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினான். ஓஸ்லோவை நடுவில் வைத்து, மீன் அவிக்கும் சட்டியின் மூடியைக் கவிழ்த்து, பென்சிலால் ஒரு வட்டம் போட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து விமான நிலையம், அப்புறம் விமானம், அப்புறம் மறுபடி ஆஸ்பத்திரி, எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். ஸ்டாக்ஹோம், கோபன்ஹேகன் எல்லாம் வசதியாக உள்ளே இருந்தன. ஹெல்சிங்கி உள்ளே. ரெய்க்யாவிக் வெளியே. அவனுடைய ட்ரொம்சோ பென்சில் கோட்டை ஒட்டி, மயிரிழையில் உள்ளே இருந்தது.

அதற்கப்புறம்தான் அந்த வானொலி வேலை ஆரம்பித்தது.

டிசம்பரில் ஒரு காலை, டோர்டிஸ் ரொட்டியில் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தாள். சுவீடனில் ஊமியோ நகருக்குப் பக்கத்தில் பேருந்து ஒன்று கவிழ்ந்தது, இளைஞர்கள் சிலர் கவலைக்கிடம் என்று செய்தி சொன்னது.

"ஒன்னேகால் மணி நேரம்" என்றான் ஹால்வார்.

டோர்டிஸின் கையில் சீவுகத்தி அப்படியே நின்றது. "என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

"ஒன்னேகால் மணி நேரம்னு சொன்ன. அந்தப் புள்ளைங்க சாகலாமா பொழைக்கலாமான்னு கெடக்குதுங்க. நீ விமானம் புடிக்கிற."

"வாய்ல வந்துடுச்சு, டோர்டிஸ்."

"மனசுல இல்லாதது வாய்ல வராது." அவள் வானொலியை அணைத்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதுதான் அவனை உலுக்கியது: "உன்ன மட்டும் சொல்லல. நானும்தான் கணக்குப் போட்டேன்."

அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் காலைச் செய்தி கேட்பதில்லை. கணக்கு மட்டும் நிற்கவில்லை. காற்று பலமாக அடித்தால், இந்தக் காற்றில் மீன்படகுகள் வெளியே இருக்குமே என்று நினைப்பான். உடனே தன்னைத்தானே கெட்ட வார்த்தையால் திட்டிக்கொள்வான்.

ட்ரொம்சோவின் ட்ரொம்ஸ்டாலன் பகுதியில் அவர்கள் இருந்த தெருவுக்கு அந்த வீட்டு நிலைமை தெரியும். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மகள் பெர்கனிலிருந்து குறுஞ்செய்திதான் அனுப்புவாள். விஷயம் இருந்தால் வந்து கதவைத் தட்டுவார்கள். தொலைபேசி அடித்தால் அது ஓஸ்லோவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அது அடிக்கவே இல்லை. அடிக்காத தொலைபேசி மேசை நடுவில் கிடந்து மனிதனை என்ன பாடு படுத்தும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

தொலைபேசி அடித்தால் கிளம்ப வழி வேண்டுமே. அதை ஒட்வின் பார்த்துக்கொண்டான்.

ஒட்வின் பக்கத்து வீட்டில் மனைவி கன்வோரோடு இருப்பவன், குழாய் வேலை செய்பவன், வாயைத் திறந்தால் அசிங்கமாகத்தான் பேசுவான். ஹால்வாரும் அவனும் ஒரே நாளில் இரத்தம் கொடுக்கப் போய், ஒரே பிரிவு என்று தெரிந்து, அங்கே கொடுத்த இலவச வாஃபிளைத் தின்றபடி நண்பர்கள் ஆனவர்கள். தினமும் விடிவதற்கு முன் ஒட்வின் பனித் தள்ளுவான் என்கிற கைமோட்டார் வண்டியோடு வந்து, ஹால்வாரின் வாசலிலிருந்து தெரு வரை சுத்தமாக வாரிவிட்டுப் போவான். விடிவது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். ஜனவரியில் அங்கே சூரியன் தலை காட்டாது, நடுப்பகலில் கொஞ்சம் நீல வெளிச்சம் வந்துவிட்டுப் போகும்.

இதில் ஒரு முறை உண்டு. வாருகிறவன் சொல்லிவிட்டு வாருவதில்லை. வீட்டுக்காரன் தூங்குவதுபோல இருக்க வேண்டும். பார்த்துவிட்டால் நன்றி சொல்ல வேண்டிவரும், நன்றி சொன்னால் இருவருக்கும் கூச்சம். பிற்பாடு ஒரு கேக்கோ கொஞ்சம் மீனோ வேலி தாண்டிப் போகும், எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஹால்வார் தினமும் சமையலறைத் திரைக்குப் பின்னால் விளக்கைப் போடாமல் நின்று பார்ப்பான். ஆயிரம் டன் பனி வாரியவன், சொந்த வாசலை இன்னொருவன் வாருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்கு நெருப்பில் நிற்பது மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஒட்வின் காபி குடிக்க வருவான்.

"என்னடா, பொணமே, இன்னும் இங்கதான் இருக்கியா?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டுச் சாகலாம்னு இருக்கேன்."

"சீக்கிரம் பாத்துக்க, வாடகை ஏறுது. டேய், ஒண்ணு கேக்கணும். உனக்குத் தெக்கத்திக்காரன் இதயம் வெச்சுட்டா என்னடா பண்ணுவ? ரெண்டு விரக்கடை பனி விழுந்தா ஸ்கூலுக்கு லீவு விடச் சொல்லி அழுவியே!"

"வாய மூடிட்டு காபியக் குடி."

டோர்டிஸ்கூடச் சிரித்துவிடுவாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் வருவது அந்த ஒரு நேரம்தான்.

டிசம்பர் கடைசியிலிருந்து மூன்று வாரம் விடாமல் பனி கொட்டியது. பிறகு திடீரென்று காற்று தென்மேற்குக்குத் திரும்பி மழை பெய்தது. இது மாதிரி மழைக்குத்தான் ஹால்வார் வாழ்நாளெல்லாம் பயந்தான். ஈரம் குடித்த பனி இரும்பு கனம் கனக்கும், எப்போது நகரும் என்று சொல்ல முடியாது. மழை தொடங்கிய நாள் சாயங்காலமே அவன் வாசலில் நின்று தன் கூரையை அண்ணாந்து பார்த்தான். விளிம்பில் பனி திண்டு திண்டாக வெளியே தொங்கியது, அதன் அடியில் பனிக்கட்டி பாளம் பாளமாக. அந்தப் பக்கமாகப் போகாதே என்று ஒட்வினிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். அன்றைக்கென்று ஒட்வின் காபிக்கு வரவில்லை, எங்கேயோ குழாய் வெடித்துவிட்டதாம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அந்தத் தொலைபேசியைத் தொட ஹால்வாருக்குக் கை வரவில்லை. லைன் காலியாக இருக்க வேண்டுமே.

மறுநாள் காலை டோர்டிஸ் மழலையர் பள்ளிக்கு வேலைக்குப் போன பிறகு ஒட்வின் வந்தான். பாதையை வாரி முடித்தான். ஹால்வார் திரைக்குப் பின்னால் நின்றான். ஒட்வின் தள்ளுவானை அணைத்துவிட்டு, படிக்கட்டுக்கு நேர் மேலே தொங்கிய பனியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு நீளக் கைப்பிடி வைத்த பனி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கூரைக்கு நேர் கீழே வந்தான். நண்பன் கிளம்புகிற வழியில் அது தலையில் விழுந்துவிடக் கூடாதே என்று நினைத்திருப்பான், வேறென்ன?

ஹால்வார் கண்ணாடியைத் தட்டக் கையை ஓங்கினான். ஓங்கிய கை நின்றது. தட்டினால், தினமும் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு அற்பமான கூச்சம்! ஒரு மூச்சு, இரண்டு மூச்சு நேரம் அந்தக் கை அந்தரத்தில் இருந்தது. அதற்குள் மேலே கூரை ஒரு முறை உறுமியது. மொத்தமும் இறங்கிவிட்டது.

வீட்டுச் செருப்போடு ஓடினான். ஓடினான் என்று சொல்வது மரியாதைக்கு. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனான். மண்டியிட்டு வெறுங்கையால் பறித்தான். பத்துப் பிடி பறிப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கம்பளிக் குல்லா தெரிந்தது, முகம் தெரிந்தது. ஒட்வின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். பனி அவன் மூச்சை அடைக்கவில்லை, பனிக்கட்டிப் பாளம்தான் நெற்றிப் பொட்டில் அடித்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது இருவரில் யாரை முதலில் தூக்குவது என்று ஒரு கணம் அவர்களுக்கே புரியவில்லை.

அடுத்த நாள் டோர்டிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"மூச்சு மெஷின்ல போகுது" என்றாள். "கன்வோர் பக்கத்துலயே உக்காந்திருக்கா. தலைக்குள்ள ஒண்ணும் மிச்சமில்லயாம். மத்தபடி மனுஷன் நல்லாத்தான் இருக்கானாம். அப்படித்தான் சொன்னாங்க, நல்லாத்தான் இருக்கான்னு."

இருவரும் சுவரைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். ஆனால் ஹால்வாரின் தலைக்குள் அது தானாக ஓடியது. ஆஸ்பத்திரியிலிருந்து விமான நிலையம் பத்து நிமிடம். அங்கிருந்து ஓஸ்லோ இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே இரத்தப் பிரிவு. ஒரே உடல்வாகு. அவன் எழுந்துபோய்க் கழிப்பறையில் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து வரைபடத்தைக் கிழித்து அடுப்பில் போட்டான். தன்னை இவ்வளவு வெறுத்தது அவன் வாழ்க்கையில் இல்லை.

மூன்றாம் நாள், அந்த நீல வெளிச்சம் வந்த நேரத்தில், தொலைபேசி அடித்தது.

"ஹால்வார் நீமோவா? ஓஸ்லோவிலேர்ந்து பேசறேன்." பெண் குரல், நிதானமான தெற்கத்திப் பேச்சு. "உங்களுக்குப் பொருந்துற மாதிரி ஒரு இதயம் கெடச்சிருக்கு. கிளம்ப முடியுமா? காய்ச்சல், சளி எதாவது இருக்கா?"

"இல்ல. எங்க இருந்து வருது?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க. உங்களுக்கே தெரியும்."

"ஊரு பேரு வேணாம். விமானத்துல எவ்வளவு நேரம்? அத மட்டும் சொல்லுங்க."

"இப்பலேர்ந்து ஒண்ணும் சாப்பிடாதீங்க, தண்ணிகூட வேணாம்" என்றாள். "ஆம்புலன்ஸ் விமானம் உங்களுக்காக நிக்குது."

ஹால்வார் தொலைபேசியை வைத்தான். "நான் போகல" என்றான்.

டோர்டிஸ் ஏற்கெனவே வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு வந்து பையை எடுத்துவிட்டாள். "என்னது?"

"எனக்குத் தெரியும், டோர்டிஸ். அவன் மண்வெட்டியத் தூக்குறத நான் பாத்துக்கிட்டு இருந்தேன். தட்டியிருக்கலாம். தட்டல. இப்ப அவனோடதையே வாங்கி வெச்சுக்கணுமா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

அவள் கோபத்தில் வெடித்தாள். "நீ போகலன்னா நான் ரெண்டு சாவுக்கு அழணும். அதத்தான் சொல்றியா? ஒரு வருஷமா நான் தூங்கல, தெரியுமா உனக்கு? உன் மூச்ச எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். இப்ப வந்து மூஞ்சியப் பத்திப் பேசுற!"

அப்போது கதவு தட்டப்பட்டது. கன்வோர் நின்றாள், ஒட்வினின் மனைவி. தன் உடம்புக்குப் பெரிதாகத் தொளதொளவென்று ஒட்வினின் வேலைக் கோட்டைப் போட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஹால்வார் வீட்டு வண்டி எஞ்சின் ஓடியபடி நிற்பதை ஜன்னலிலிருந்து பார்த்தாளாம். அழுது முடித்த முகம், வறண்டுபோயிருந்தது.

"சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்" என்றாள். "யாருக்குன்னு அவங்க சொல்லல. நான் கேக்கல. நீயும் எங்கிட்டச் சொல்லாத."

"கன்வோர், அன்னிக்கு நான் ஜன்னல்ல..."

"இப்ப வேணாம்." அவள் கையை உயர்த்தினாள். "எதுவா இருந்தாலும் திரும்பி வந்து சொல்லு. நீ போகலன்னா அது கோபன்ஹேகனுக்குப் போயிடும், தெரியுமில்ல? அந்த மனுஷன் டேனிஷ்காரங்க பேச்சு ஒண்ணும் வெளங்கலன்னு சாகுற வரைக்கும் திட்டினான். அவனப் போயி அங்க அனுப்பச் சொல்றியா?"

அவள் உதடு சிரிக்க முயன்றது. முடியவில்லை. ஹால்வார் பூட்ஸைத் தேடினான், டோர்டிஸ் குனிந்து மாட்டிவிட்டாள்.

கடலுக்கு அடியில் போகிற சுரங்கப்பாதையைத் தாண்டி வண்டி மேலே ஏறியதும் ஆஸ்பத்திரி தெரிந்தது, எல்லா ஜன்னலிலும் விளக்கு. டோர்டிஸ் நேரே சாலையைப் பார்த்தே ஓட்டினாள். அவன் மட்டும் திரும்பிப் பார்த்தான், எந்த ஜன்னல் என்று தெரியாமல்.

விமான நிலையத்தில் அவனுடைய பழைய ஆட்கள் ஓடுபாதையைத் துடைத்து வைத்திருந்தார்கள். அவனை ஏற்றப் போகிற சின்ன விமானத்துக்குப் பக்கத்தில் அப்போதுதான் ஒரு ஜெட் வந்து நின்றது. நாலு பேர் இறங்கினார்கள். தரை வழுக்கும் என்று தெற்கத்திக்காரர்கள் நடப்பதுபோல அடிமேல் அடி வைத்து நடந்தார்கள். ஒருத்தி கையில் நீலப் பெட்டி இருந்தது. அதைத் தூக்கிய விதத்திலேயே அது காலிப் பெட்டி என்று தெரிந்தது. அவளுக்கு அவன் யாரென்று தெரியாது. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவனைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு, காத்திருந்த காரில் ஏறினாள். கார் ஊருக்குள், ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் போயிற்று.

ஓட்டுநர் ஒருவன் பனி வண்டியிலிருந்து அவனுக்குக் கையசைத்தான். ஹால்வார் பதிலுக்கு அசைக்கவில்லை. டோர்டிஸ் அவன் நெற்றியில் முத்தம் வைத்தாள். அடுத்த பயணிகள் விமானத்தில் பின்னாலேயே வந்துவிடுவதாகச் சொன்னாள்.

விமானம் மேலே ஏறியதும் மேகத்துக்குக் கீழே ஊர் மறைந்தது. செவிலி இளம்பெண், வடக்கத்தி ஊரான சோர்ட்லாந்துக்காரி, பேச்சிலேயே தெரிந்தது. வார்களைச் சரிபார்த்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு முன்னாடி அது போயிடுமா?" என்று கேட்டான்.

"எது? ஓ, இல்ல இல்ல" என்றாள் அவள், தைரியம் சொல்கிற குரலில். "அதுக்கு நேரம் ரொம்பக் கம்மி பாருங்க, அதனால நீங்கதான் முதல்ல போகணும். நீங்க அங்க போயி, மேசையில படுத்து, எல்லாம் தயார்னு அவங்க ஃபோன் பண்ணினதுக்கு அப்புறம்தான் அது இருக்கற எடத்துல எடுப்பாங்க. அது வரைக்கும் அது அதோட எடத்துலயே பத்திரமா துடிச்சுக்கிட்டு இருக்கும். கவலையே படாதீங்க."

இந்த விமானம் ஜெட் மாதிரி இல்லை, ஓஸ்லோவுக்கு இரண்டரை மணி நேரம் எடுக்கும். அந்த இரண்டரை மணி நேரமும் ஒட்வினின் மார்புக்குள் அது அடித்துக்கொண்டிருக்கும். ஹால்வார் போய்ச் சேர்கிறவரை. அவன் போய்ச் சேர்வதற்காகத்தான் அங்கே எல்லோரும் கையுறையோடு நிற்கிறார்கள். எத்தனையோ விமானங்களைத் தாமதமில்லாமல் அனுப்பியவன், இந்த ஒரு விமானம் மட்டும் போய்ச் சேராமல் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டான். கூடவே, இடிக்கிற தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, போய்ச் சேரட்டும் என்றும் ஆசைப்பட்டான். இரண்டும் உண்மைதான்.

விமானி முன்னாலிருந்து தலையைத் திருப்பிக் கத்தினான். "நல்ல சேதி! பின்காத்து பலமா இருக்கு. கால் மணி நேரம் முன்னாடியே எறங்கிடலாம்!"

"மெதுவா போகச் சொல்லுங்க" என்றான் ஹால்வார்.

பறக்கப் பயப்படுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்து, செவிலி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.